118 கணினி, நாலு இடம்: மென்பொருள் அனுப்ப குரூப்பை எதை வைத்துப் பிரிப்பது?

சேர்வராயன்மலை_நெட்:

வணக்கம். காபி, மிளகு எஸ்டேட்டும் அதைச் சார்ந்த வியாபாரமும் உள்ள ஓர் இடத்துக்கான கேள்வி. மொத்தம் 118 கணினி. சேலம் அஸ்தம்பட்டி தலைமை அலுவலகத்தில் 52, செவ்வாய்ப்பேட்டை விற்பனைக் கிடங்கில் 14, சூரமங்கலம் காபி பதப்படுத்தும் கூடத்தில் 21, மீதி 31 ஏற்காட்டில். அந்த 31-இல் டவுனில் 19, நாகலூரில் 8, செம்மடுவில் 4.

டொமைன் சர்வர் அஸ்தம்பட்டியில். மேலே டவுனுக்கு 20 எம்பிபிஎஸ், நாகலூருக்கு 8 எம்பிபிஎஸ். எல்லா இடமும் விபிஎன் வழியாக அஸ்தம்பட்டிக்கு வந்து அங்கிருந்துதான் இணையத்துக்குப் போகும். உரிமம் மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பிரீமியம், அதனால் கணினிகளை இணையம் வழியாக நிர்வகிக்கும் இன்ட்யூன் கையில் இருக்கிறது. கணினிகள் ஹைப்ரிட் ஜாயின், அதாவது உள்ளூர் டொமைனிலும் மைக்ரோசாஃப்ட்டின் கிளவுட் கணக்குச் சேவையான என்ட்ராவிலும் பதிந்தவை. டொமைன் வழியாக அமைப்பும் மென்பொருளும் அனுப்பும் குரூப் பாலிசிகள், அதாவது பழைய ஜி.பி.ஓ.க்கள், சில இன்னும் ஓடுகின்றன.

இப்போது குரூப் எல்லாம் இடவாரியாக இருக்கிறது. ஒவ்வோர் இடத்துக்குள்ளும் கணக்கு, பில்லிங், ரைட்டர் (எஸ்டேட் எழுத்தர்) ரூம், எடை மேடை என்று உட்பிரிவு. எண்ணினால் 23 குரூப். மஸ்டர் (தொழிலாளர் வருகைப் பதிவு) மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு வந்தால் ஐந்தாறு குரூப்பைத் தேடிச் சேர்க்க வேண்டும், ஒன்றாவது விட்டுப்போகும்.

கேட்க வேண்டியவை: குரூப்பை எதை வைத்துப் பிரிப்பது? யூசர் குரூப்பா, டிவைஸ் குரூப்பா? மலைமேல் லைனை அடைக்காமல் பெரிய இன்ஸ்டாலரை எப்படி ஏற்றுவது? எடை மேடை கணினி 5 இருக்கிறது. மேடையில் லாரி நிற்கும்போது அவை ரீஸ்டார்ட் ஆகவே கூடாது, அதற்கு என்ன வழி?

ஐந்துரோடு_அட்மின்:

23 குரூப் வந்ததற்குக் காரணம், இடத்தையும் வேலையையும் ஒன்றோடொன்று பெருக்கியதுதான். 4 இடம், 6 வேலை என்றால் 24. அடுத்து ஓர் எஸ்டேட் வாங்கினால் இன்னும் 6 கூடும்.

மஸ்டர் மென்பொருள் நாகலூர் ரைட்டர் ரூமுக்கும் வேண்டும், செம்மடுவு ரைட்டர் ரூமுக்கும் வேண்டும். ரைட்டர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பது அந்த மென்பொருளுக்குப் பொருட்டே இல்லை. எந்த மென்பொருள் போக வேண்டும் என்பதைக் கணினியின் வேலை தீர்மானிக்கட்டும். இடம் தீர்மானிக்க வேண்டியது கோப்பு எந்த வழியாக வருகிறது, எந்த நேரத்தில் வருகிறது என்ற இரண்டை மட்டும். அதற்கு இன்ட்யூனில் குரூப்பே தேவைப்படாது, ஆக்டிவ் டைரக்டரியில் (டொமைனின் பதிவேடு) சைட், அதாவது இடமும், சப்நெட், அதாவது அந்த இடத்து ஐ.பி. வரம்பும் சரியாகப் பதிந்திருந்தால் போதும். மூன்றாவதாக ஒன்று உண்டு: முதலில் யாருக்கு, அடுத்து யாருக்கு என்ற வரிசை. அதற்கு மூன்று குரூப். ஆக வேலைக்கு ஆறு, வரிசைக்கு மூன்று, மொத்தம் ஒன்பது. புது எஸ்டேட் வந்தாலும் ஒன்பதுதான்.

வேலையை எப்படிக் குறிப்பது? இன்ட்யூனில் டிவைஸ் கேட்டகரி என்று ஒன்று இருக்கிறது, பலர் திறந்தே பார்ப்பதில்லை. கணக்கு, பில்லிங், ரைட்டர், எடை மேடை, லேப், பொது என்று ஆறு வகையை உருவாக்கி, ஒவ்வொரு கணினியின் பண்புகள் பக்கத்திலும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 118 கணினிக்கு ஒரு மதிய நேர வேலை. கம்பெனி போர்ட்டலைத் திறக்கும் பயனரிடமும் இந்த வகையைக் கேட்கும். அதை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் பட்டியலில் முதலில் இருப்பதைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

அடுத்து ஃபில்டர். டிவைஸ் கேட்டகரி 'ரைட்டர்' என்பதற்குச் சமம் என்று ஒரு விதி எழுதி, மென்பொருளை 'எல்லா டிவைஸ்' என்பதற்கு ஒதுக்கி, அந்த ஒதுக்கீட்டின் மேல் இந்த ஃபில்டரைச் சேர்க்கும் முறையில் வையுங்கள். டைனமிக் குரூப்பிலும் இதே விதியை எழுதலாம். ஆனால் உறுப்பினர் பட்டியல் கணக்கிடப்பட்டு வரக் காத்திருக்க வேண்டும், சில சமயம் மணிக்கணக்கில். ஃபில்டர் என்பது கணினி இன்ட்யூனிடம் வந்து செக்-இன் செய்யும் அந்த நொடியில் பார்க்கப்படுவது. இன்றைக்கு வகையை மாற்றினால் அடுத்த செக்-இன்னிலேயே தெரியும்.

கணினியின் பெயரில் இடத்தையும் துறையையும் எழுதி, பெயரை வைத்தே வடிகட்டுவது சுலபமாகத் தோன்றும். ஏற்காட்டுப் பெயர் உள்ள கணினி பழுது பார்க்கக் கீழே வந்து, சூரமங்கலத்திலேயே தங்கிவிட்டால் விதி தப்பாகும். பெயரின் நீளமும் 15 எழுத்துக்குள் அடங்க வேண்டும். சொத்து எண்ணை மட்டும் பெயராக வைத்தால் போதும்.

யூசரா டிவைஸா என்பதற்கு: அந்த மென்பொருள் ஆளோடு போகிறதா, மேசையோடு நிற்கிறதா என்று பாருங்கள். கணக்காளர் எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் வேண்டும் என்றால் யூசர் குரூப். எடை மேடை போல லோக்கல் கணக்கில் தானே லாகின் ஆகிற கணினிக்கு யூசர் குரூப் வேலைக்கே ஆகாது, அங்கே என்ட்ரா பயனர் யாரும் இல்லையே. கம்பெனி போர்ட்டலில் வைத்து வேண்டுமென்றால் எடுத்துக்கொள் என்கிற 'அவைலபிள்' வகை யூசர் குரூப்புக்கு மட்டும்தான்.

பலர் விழும் குழி ஒன்று: யூசர் குரூப்பைச் சேர்த்து, அதிலிருந்து ஒரு டிவைஸ் குரூப்பை விலக்குவது. திரை அதை ஏற்றுக்கொள்ளும், ஆனால் விலக்கு நடக்காது. இந்த யூசர் இந்த டிவைஸில் இருக்கிறார் என்ற உறவை விலக்குப் பட்டியல் பார்ப்பதில்லை. கணக்காளர் ஒருநாள் எடை மேடை கணினியில் லாகின் செய்தால் கணக்கு மென்பொருள் அங்கேயும் இறங்கிவிடும். சரியான வழி, கணக்கு யூசர் குரூப்புக்கு ஒதுக்கி, அதே ஒதுக்கீட்டில் 'எடை மேடை' வகையைத் தள்ளும் ஃபில்டரை விலக்கு முறையில் போடுவது.

கொண்டலாம்பட்டி_கேபிள்:

ஐந்துரோடு சார் சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பழைய ஜி.பி.ஓ.க்கள் ஓடுகின்றன என்று ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள். கணினிகளைப் புது ஓ.யு.வுக்கு (டொமைனில் கணினிகளை அடுக்கி வைக்கும் பிரிவு) நகர்த்தும் முன் அதைப் பாருங்கள்.

ஜி.பி.ஓ. வழியாக அனுப்பிய எம்.எஸ்.ஐ. (விண்டோஸ் இன்ஸ்டாலர் கோப்பு) ஒவ்வொன்றிலும் டிப்ளாய்மென்ட் டேபில், மேலாண்மை எல்லையை விட்டு விலகினால் அன்இன்ஸ்டால் செய் என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் டிக் இருந்தால், ஓ.யு. மாறிய கணினி அடுத்த முறை பூட் ஆகும்போது மென்பொருளைக் கழற்றிவிடும். இன்ட்யூனில் நேர் எதிர். 'ரிக்வயர்டு', அதாவது கட்டாயம் நிறுவு என்ற குரூப்பிலிருந்து கணினியை எடுத்தால் எதுவும் கழறாது, தனியாக 'அன்இன்ஸ்டால்' ஒதுக்கீடு கொடுக்க வேண்டும். ஒரே கணினிக்கு ரிக்வயர்டு, அன்இன்ஸ்டால் இரண்டும் போய்ச் சேர்ந்தால் ரிக்வயர்டுதான் ஜெயிக்கும். 'கழற்றச் சொல்லியும் கழறவில்லை' என்று வரும் புகார்களில் முதலில் பார்க்க வேண்டியது இது.

ஜி.பி.ஓ. இன்ஸ்டால் கணினி பூட் ஆகும்போது மட்டுமே நடக்கும். 90 நிமிடத்துக்கு ஒருமுறை வரும் பின்னணிப் புதுப்பிப்பில் நடக்காது. ஃபாஸ்ட் லாகான் இருப்பதால் இரண்டு முறை ரீஸ்டார்ட் கேட்கும். நெட்வொர்க்குக்காக எப்போதும் காத்திரு என்ற பாலிசியை இயக்கினால் ஒன்றில் முடியும். லைன் வேகம் 500 கேபிபிஎஸ்-க்குக் கீழே என்று அளந்துவிட்டால் சாஃப்ட்வேர் இன்ஸ்டால் பகுதியைச் சத்தமில்லாமல் தாண்டிவிடும். மழைக்காலத்தில் மலைமேல் லைன் தள்ளாடும்போது 'சில கணினிக்கு மட்டும் வரவில்லை' என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கணினியைப் புது செக்யூரிட்டி குரூப்பில் சேர்த்தவுடன் ஜி.பி.ஓ.வுக்குத் தெரியாது. உறுப்பினர் விவரம் கணினி டொமைனிடம் வாங்கும் அடையாளச் சீட்டான கெர்பரோஸ் டிக்கெட்டில் இருப்பதால் ஒரு ரீஸ்டார்ட் ஆக வேண்டும். ஜி.பி.ஓ. யாருக்குப் பொருந்தும் என்று சொல்லும் செக்யூரிட்டி ஃபில்டரிங்கில் ஆதென்டிகேட்டட் யூசர்ஸை எடுத்துவிட்டீர்கள் என்றால் டெலிகேஷன் டேபில் டொமைன் கம்ப்யூட்டர்ஸுக்குப் படிக்கும் உரிமை கொடுத்திருக்க வேண்டும். 2016 ஜூனில் வந்த எம்.எஸ்.16-072 திருத்தத்துக்குப் பிறகு யூசர் பாலிசியையும் கணினிக் கணக்குதான் போய் எடுக்கிறது.

கணினியின் விவரத்தைக் கேட்டு ஜி.பி.ஓ. பொருந்துமா என்று பார்க்கும் டபிள்யூ.எம்.ஐ. ஃபில்டர் பழசு ஏதாவது இருந்தால் அதில் வின்32-ப்ராடக்ட் என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அந்த வகுப்பைக் கேட்கிற ஒவ்வொரு தடவையும் கணினியில் உள்ள எல்லா எம்.எஸ்.ஐ. நிறுவலையும் அது சரிபார்க்கத் தொடங்கும். பழைய கணினியில் லாகின் இழுத்துக்கொண்டு கிடப்பதற்கு இது போதும். மென்பொருள் இருக்கிறதா என்று பார்க்க ரெஜிஸ்ட்ரி போதும்.

ஒரே மென்பொருளை ஜி.பி.ஓ.வும் இன்ட்யூனும் சேர்ந்து அனுப்ப விடாதீர்கள். ஒன்று பதிப்பை ஏற்றும், மற்றொன்று பழசைத் திரும்பப் போடும்.

ஒண்டிக்கடை:

மலைமேல லைன் விஷயத்த மட்டும் சொல்றேங்க.

600 எம்பி இன்ஸ்டாலர்னு வெச்சுக்குவோம். டவுன்ல 19 கணினியும் தனித்தனியா இழுத்தா 11.4 ஜிபி. 20 எம்பிபிஎஸ் முழுசையும் இதுக்கே குடுத்தாலும் 76 நிமிஷம், அதுவரைக்கும் பில்லிங் நகராது. நாகலூர்ல 8 கணினிக்கு 4.8 ஜிபி, 8 எம்பிபிஎஸ்ல 80 நிமிஷம். ஒரே ஒரு பிரதி மட்டும் மேல ஏறி மிச்சக் கணினிங்க பக்கத்துல இருந்து வாங்கிக்கிட்டா டவுனுக்கு 4 நிமிஷம், நாகலூருக்கு 10 நிமிஷம். இதுக்குத்தான் டெலிவரி ஆப்டிமைசேஷன். விண்டோஸ்லயே இருக்கு, காசு கெடையாது.

ஆனா உங்க அமைப்புல அதுல ஒரு பெரிய ஓட்டை இருக்குதுங்க. டவுன்லோட் மோட் 1-ல வெச்சா, ஒரே வெளி ஐ.பி.க்குப் பின்னால இருக்கறதெல்லாம் ஒரே அலுவலகம்னு அது நெனச்சுக்கும். உங்க நாலு இடமும் அஸ்தம்பட்டி வழியாத்தான் வெளிய போவுது. அப்ப 118-ம் ஒரே கூட்டம். நாகலூர் கணினி செவ்வாய்ப்பேட்டை கணினிகிட்ட துண்டு கேட்கும், அது விபிஎன்ல கீழ எறங்கி மேல ஏறி வரும். செவ்வாய்ப்பேட்டையோட லைனும் சேந்து அடைபடும். விபிஎன்ல இருந்தா பகிர வேண்டாம்ங்கற காப்பு, கணினியிலயே விபிஎன் போட்டிருந்தாத்தான் வேலை செய்யும். உங்களது ரௌட்டருக்கு ரௌட்டர் விபிஎன், கணினிக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது.

அதனால மோட் 2, அதாவது குரூப். குரூப் ஐடி எங்கிருந்து எடுக்கணும்ங்கறதுக்கு 1-ஐ வையுங்க, அது ஆக்டிவ் டைரக்டரி சைட். இதுக்கு சைட்ஸ் அண்ட் சர்வீசஸ்ல டவுன், நாகலூர், செம்மடுவு மூணையும் தனித்தனி சைட்டா போட்டு, அந்தந்த சப்நெட்டைக் கட்டி விட்டிருக்கணும். சப்நெட் பதிவு விட்டுப்போச்சுன்னா அந்தக் கணினி எந்தக் கூட்டத்துலயும் சரியா சேராது. சைட் வேலையெல்லாம் வேண்டாம்னா அந்த எண்ணை 3-ஆக்கி, ஒவ்வொரு இடத்து டிஹெச்சிபியிலயும் (கணினிக்கு ஐ.பி. குடுக்கறது) ஆப்ஷன் 234-ல ஜி.யூ.ஐ.டி.ங்கற தனித்தனி அடையாள எண் குடுத்துடலாம். ரெண்டும் ஒண்ணுதான். எனக்கு டிஹெச்சிபி வழிதான் புடிக்கும், எஸ்டேட் ரௌட்டர்லயே முடிஞ்சிரும்.

அடுத்தது, பக்கத்துக் கணினி கோப்பை எவ்வளவு நாள் வெச்சிருக்கும்ங்கறது. இயல்பா 3 நாள். மேல எஸ்டேட் ஆபீஸ்ல சில கணினிய வாரத்துக்கு ரெண்டு நாள்தான் போடுவாங்க. 7 நாளாக்குங்க, நொடிக் கணக்குல 604800. பின்னணி டவுன்லோடுக்கு ஹெச்.டி.டி.பி. தாமதம் ஒரு மணி நேரம், அதாவது 3600 வெச்சீங்கன்னா மொதல்ல பக்கத்துல தேடும், கெடைக்கலைன்னாதான் வெளிய போவும். ஆபீஸ் நேரம் 9-லிருந்து 18 வரைக்கும் பின்னணி டவுன்லோடு லைன்ல 20 சதவீதத்துக்கு மேல தின்னாதபடி வெச்சிருங்க.

வேலை செய்யாம போறதுக்குப் பெரும்பாலும் இதுல ஒண்ணுதான் காரணமா இருக்கும்: டிசிபி 7680-ஐ ஆன்டிவைரஸோட ஃபயர்வால் அடைச்சிருக்கும், இல்ல வைஃபை பெட்டியில ஒரு கணினி இன்னொண்ணப் பார்க்க விடாத கிளையன்ட் ஐசொலேஷன் ஆன்ல இருக்கும், இல்ல கணினி ரேம் 4 ஜிபிக்குக் கம்மியா இருக்கும். பவர்ஷெல்ல டெலிவரி ஆப்டிமைசேஷன் ஸ்டேட்டஸ் எடுத்துப் பாருங்க. பியர், அதாவது பக்கத்துக் கணினிகிட்டருந்து வந்த பைட் பூஜ்யம்னா பகிர்வு நடக்கலைன்னு அர்த்தம்.

மின்வாரியம் மாதாந்திர பராமரிப்புன்னு பகல் பூரா கரன்ட்ட நிறுத்துற நாளு ஒண்ணு வரும், முன்கூட்டியே பேப்பர்ல போட்டுருவாங்க. அந்த நாள்ல மலைமேல கணினிகளுக்கு இன்ஸ்டால் கெடு வைக்காதீங்க. கரன்ட் வந்ததும் எல்லாக் கணினியும் ஒண்ணா எந்திரிச்சு, கெடு தாண்டிப்போச்சுன்னு ஒரே நேரத்துல இழுக்கும். ஒருத்தர்கிட்டயும் கோப்பு இருக்காது, அப்ப பகிர்வுக்கு வழியே இல்ல. ஒவ்வொரு எடத்துலயும் யூ.பி.எஸ்.ல ஓடுற ஒரு கணினிய முதல் வரிசைக் குரூப்ல போட்டு வெச்சா, மத்ததுக்கு முன்னாடியே அதுகிட்ட பிரதி வந்து உக்காந்திருக்கும்.

சேர்வராயன்மலை_நெட்:

மூன்று பேருக்கும் நன்றி. வகைகளைப் பிரித்து, சைட்டும் சப்நெட்டும் பதிந்தாயிற்று. ஒண்டிக்கடை அண்ணா சொன்ன ஸ்டேட்டஸில் டவுனில் பியர் பைட் வர ஆரம்பித்திருக்கிறது.

இன்னும் நான்கு சந்தேகம். விண்டோஸ் 11 உள்ளவற்றுக்கு மட்டும் என்று ஓ.எஸ். பதிப்பு 10.0 என்று தொடங்காதவை என ஃபில்டர் எழுதினால் ஒன்றுமே சிக்கவில்லை, 10.0 என்று தொடங்குபவை என்று மாற்றினால் எல்லாமே சிக்குகிறது. செம்மடுவில் ஒரே கணினிதான் ரைட்டருக்கும் எடை மேடைக்கும், அதற்கு எந்த வகை? பி.டி.எஃப். ரீடர் ஒன்று 9 கணினியில் 'தோல்வி' என்று காட்டுகிறது, போய்ப் பார்த்தால் மென்பொருள் இருக்கிறது. கடைசியாக, கணக்குப் பிரிவு 16 கணினியில் டேலி. அதற்கும் இந்த முதல் வரிசை, இரண்டாம் வரிசை எல்லாம் வைக்கலாமா?

ஐந்துரோடு_அட்மின்:

விண்டோஸ் 11-உம் தன்னை 10.0 என்றுதான் சொல்லிக்கொள்ளும். அடுத்த எண்ணைப் பாருங்கள். விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பு 10.0.19045. விண்டோஸ் 11 தொடங்குவது 10.0.22000-இல், 2025-இல் வந்த பதிப்பு 26200. ஆகவே 10.0.2 என்று தொடங்குபவை என்று எழுதினால் 11, 10.0.1 என்றால் 10. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், அந்த இரண்டாவது ஃபில்டர் மாற்ற வேண்டிய கணினிகளின் பட்டியலாகவும் உதவும்.

செம்மடுவு கணினிக்கு 'எடை மேடை'. ஒரு டிவைஸுக்கு ஒரு வகைதான் கொடுக்க முடியும், அப்போது எதில் கட்டுப்பாடு அதிகமோ அதைக் கொடுங்கள். ரைட்டர் மென்பொருளின் ஃபில்டரில் 'ரைட்டர்' அல்லது அந்தக் கணினியின் பெயர் என்று இரண்டாவது நிபந்தனை சேர்த்தால் போதும். பெயரை வைத்து வடிகட்டாதே என்று சொன்னவனே பெயரைச் சொல்கிறேன், தெரியும். ஒரே கணினிக்காக ஏழாவது வகை வேண்டாம்.

பி.டி.எஃப். ரீடர் விஷயம் டிடெக்‌ஷன் விதி, மென்பொருள் கணினியில் இருக்கிறதா என்று பார்ப்பது. இன்ஸ்டால் முடிந்த பிறகு இன்ட்யூன் அந்த விதியை வைத்துத் தேடுகிறது, கிடைக்கவில்லை என்றால் இன்ஸ்டாலர் 0 என்று திருப்பியிருந்தாலும் தோல்விதான். மூன்று இடத்தில் தவறும். 32-பிட் மென்பொருளின் ரெஜிஸ்ட்ரி பதிவு வாவ்6432நோட் கிளையில் உட்கார்ந்திருக்கும். விதியில் 64-பிட் கணினியில் 32-பிட் மென்பொருள் என்ற தேர்வு இல்லாவிட்டால் தப்பான கிளையில் தேடும். இரண்டாவது, பதிப்பு 'சமம்' என்று எழுதியிருப்பது. தானே புதுப்பித்துக்கொள்ளும் மென்பொருள் ஒரு படி மேலே போனதும் விதி பொய்யாகிவிடும், இன்ட்யூன் பழைய பதிப்பைத் திரும்பத் திரும்பப் போட முயலும். 'சமம் அல்லது மேல்' என்று எழுதுங்கள். மூன்றாவது இதற்கு நேர் மாறு: கோப்பு இருந்தால் போதும் என்ற விதி. பழைய பதிப்பின் கோப்பு இருப்பதைப் பார்த்துவிட்டு ஏற்கெனவே இருக்கிறது என்று சும்மா போய்விடும், மேம்படுத்தல் நடக்கவே நடக்காது, அறிக்கையில் மட்டும் பச்சை நிறம். உங்கள் 9-உம் இரண்டாவது வகை என்றுதான் தோன்றுகிறது, பதிப்பு எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஏதாவது கணினிக்கு வரவில்லை என்றால் தேடும் வரிசை: முதலில் அந்த டிவைஸின் பக்கத்தில் ஃபில்டர் இவாலுவேஷன், அதில் பொருந்தியதா இல்லையா என்று நேராகவே எழுதியிருக்கும். அடுத்து கடைசி செக்-இன் நேரம். அதன் பிறகுதான் கணினியில் புரோகிராம்டேட்டாவுக்குள் மைக்ரோசாஃப்ட், அதற்குள் இன்ட்யூன் மேனேஜ்மென்ட் எக்ஸ்டென்ஷன், அதன் லாக்ஸ் ஃபோல்டர். மென்பொருள் சம்பந்தப்பட்டது ஆப்வொர்க்லோட் என்ற லாகில் இருக்கும். மூன்று முறை முயன்று தோற்றால் 24 மணி நேரம் அந்த மென்பொருளைத் தொடாது. அதனால் விதியைத் திருத்திய ஐந்தாவது நிமிடத்தில் 'இன்னும் தோல்விதான்' என்று முடிவு கட்டாதீர்கள்.

செவ்வாய்ப்பேட்டை_கணக்கு:

டேலிக்கு வரிசை வைக்கக் கூடாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் 'முதலில் இரண்டு கணினியில் போட்டுப் பார்' என்பார்கள்.

16 பேரும் ஒரே டேட்டா ஃபோல்டரைத் திறக்கிறார்கள். டேட்டா வடிவம் மாறும் பதிப்பு என்றால், உதாரணமாக டேலிபிரைம் 3.0-க்குப் போனபோது மாறியது போல, புதுப் பதிப்பில் ஒருவர் கம்பெனியைத் திறந்து மைக்ரேட் செய்த நிமிடம் மற்ற 15 பேரால் அதைத் திறக்க முடியாது. சோதனை செய்ய வேண்டுமென்றால் டேட்டாவின் நகலை வேறு ஃபோல்டரில் வைத்து, கணக்குப் பிரிவுக்கு வெளியே உள்ள ஒரு கணினியில் செய்யுங்கள். நிஜமாக மாற்றும்போது பேக்கப் எடுத்து, எல்லோரையும் வெளியேறச் சொல்லி, லைசென்ஸ் சர்வர் இருக்கும் கணினியை முதலில் ஏற்றி, பிறகு 16-ஐயும் ஒரே மாலையில் முடிக்க வேண்டும். லைசென்ஸ் சர்வருக்கு இயல்பான போர்ட் 9999, ஃபயர்வால் விதி புதுப் பதிப்புக்குப் பிறகும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பொது டேட்டாபேஸ் வைத்து ஓடும் எந்த மென்பொருளுக்கும் இதே கதைதான், உங்கள் மஸ்டர் மென்பொருளும் அப்படியா என்று விற்றவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாளும் முக்கியம். மாதம் 7-ஆம் தேதி டி.டி.எஸ். கட்ட வேண்டும், 11 ஜி.எஸ்.டி.ஆர்-1, 20 ஜி.எஸ்.டி.ஆர்-3பி. கணக்குக் கணினிகளில் 5-இலிருந்து 20 வரை கை வைக்காதீர்கள். 22-ஐத் தாண்டிய சனிக்கிழமை மாலை நல்லது.

மற்ற மென்பொருளுக்கு வரிசை வைக்கலாம். முதல் குரூப்பில் நான்கு கணினி, ஐ.டி. ஆட்களுடையது, இரண்டு வேலை நாள். இரண்டாவதில் பன்னிரண்டு போதும், ஆனால் தேர்வு பார்த்துச் செய்ய வேண்டும்: ஒவ்வொரு வேலைக்கும் ஒன்று, ஒவ்வோர் இடத்துக்கும் ஒன்று, ஒவ்வொரு மாடலுக்கும் ஒன்று வந்துவிட வேண்டும். பன்னிரண்டும் அஸ்தம்பட்டியில் ஒரே மாடி என்றால் அது சோதனையே இல்லை. நான்கு வேலை நாள் பொறுத்து மீதி எல்லாம்.

ஆன்டிவைரஸ் தனக்குத்தானே இறக்கிக்கொள்ளும் தகவல் கோப்புகள் உங்கள் வரிசையை மதிக்கும் என்று நம்பிவிட வேண்டாம். 2024 ஜூலை 19-இல் கிரவுட்ஸ்ட்ரைக் கோளாறு சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினியைப் பாதித்ததாக மைக்ரோசாஃப்ட் கணித்தது. அன்று வந்தது அப்படிப்பட்ட ஒரு கோப்புதான். மென்பொருள் பதிப்பை ஒரு படி பின்தங்க வைத்திருந்தவர்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது. உங்கள் ஆன்டிவைரஸில் அந்தக் கோப்புகளுக்கும் தனியாகத் தாமதம் வைக்க முடிகிறதா என்று பாருங்கள்.

ஓமலூர்_சர்வீஸ்:

எடை மேடை பாக்கி நிற்குது, அதைச் சொல்லிடறேன்.

ஐந்தையும் எல்லா ஃபில்டரிலிருந்தும் விலக்கி வையுங்க. அவற்றுக்கு என்று கையால் உறுப்பினர் சேர்க்கிற ஒரு குரூப் மட்டும். ஞாயிற்றுக்கிழமை போகிற ஆள் அந்த ஒரு கணினியைக் குரூப்பில் சேர்த்து, சிங்க் கொடுத்து, முடிந்ததும் அடுத்ததற்குப் போகட்டும். மென்பொருளை இன்ட்யூனில் ஏற்றும்போது ரீஸ்டார்ட் நடத்தையை 'எந்த நடவடிக்கையும் வேண்டாம்' என்று வையுங்க, எம்.எஸ்.ஐ. கட்டளையிலும் நோரீஸ்டார்ட் சேருங்க. இன்ஸ்டாலர் முடிவு எண்ணாக 3010 திருப்பினால் பிறகு ரீஸ்டார்ட் வேண்டும் என்று அர்த்தம், 1641 என்றால் இன்ஸ்டாலரே ரீஸ்டார்ட்டைத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். 1641 தருகிற இன்ஸ்டாலரை மேடைப் பக்கமே விடாதீங்க. மற்ற கணினிகளுக்கு ரீஸ்டார்ட் அவகாசம் இயல்பாக 1440 நிமிடம், கடைசி 15 நிமிடம் கண்முன் எண்ணிக்கை ஓடும், அது போதும்.

விண்டோஸ் அப்டேட்டுக்கும் இந்த ஐந்துக்குத் தனி ரிங், அதாவது தனி அப்டேட் அமைப்பு. தானாக ரீஸ்டார்ட் ஆகாத நேரமான ஆக்டிவ் ஹவர்ஸ் அதிகபட்சம் 18 மணி நேரம் வைக்கலாம், காலை 5-இலிருந்து இரவு 11 வரை. காபி அறுவடை நவம்பரில் தொடங்கி பிப்ரவரி வரை போகும், அந்த நாலு மாதமும் அப்டேட்டை அப்படியே நிறுத்தி வைக்க முடியாது. நிறுத்தி வைக்கும் பாஸ் (pause) 35 நாள்தான், மாதாந்திர அப்டேட்டின் தாமதமும் 30 நாளுக்கு மேல் போகாது. ஆகவே அறுவடைக் காலத்திலும் மாதம் ஒரு ஞாயிறு ஒதுக்கித்தான் ஆக வேண்டும்.

டிரைவர்களை அப்டேட்டோடு சேர்க்காதே என்ற அமைப்பைக் கட்டாயம் போடுங்க. எடைக் கருவியிலிருந்து வருகிற சீரியல் வயர் யூ.எஸ்.பி. மாற்றி வழியாக நுழைகிறது. டிரைவர் மாறினால் காம் போர்ட் எண் மாறலாம். மென்பொருள் காம் 3-இல் கேட்டுக்கொண்டு இருக்கும், எடை காம் 5-இல் வரும், திரையில் பூஜ்யம் நிற்கும். பழைய பி.எல்.2303 சிப் உள்ள மாற்றி என்றால் புது டிரைவர் அதை ஏற்கவே ஏற்காது; டிவைஸ் மேனேஜரில் அந்தச் சிப் 2012-உடன் நிறுத்தப்பட்டது என்கிற வாசகமே வரும். விண்டோஸ் 11-க்கு மாற்றும் முன் ஐந்து மாற்றியையும் கழற்றி, சிப் என்ன என்று பாருங்க. மலைமேல் உள்ள மூன்று மேடைக்கும் உதிரியாக ஒன்று வாங்கி வையுங்க, இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து வாங்கிப் போகிற சாமான் இல்லை அது. புது மாற்றியைச் செருகியதும் டிவைஸ் மேனேஜரில் போர்ட்டின் அட்வான்ஸ்டு பக்கத்தில் பழைய காம் எண்ணையே கொடுத்து, ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்து, தெரிந்த எடையுள்ள மூட்டை ஒன்றை மேடையில் வைத்துப் பார்த்த பிறகு கணினியைக் குரூப்பிலிருந்து எடுத்துவிடுங்க. எடுத்தாலும் மென்பொருள் கழறாது, மேலே கொண்டலாம்பட்டி சொன்னதுதான்.